மூன்றாவது வரி

மச்சான்,

பெயிண்ட் வாசனை மூக்கிலேயே உட்கார்ந்துவிட்டது. மூன்று முறை சோப்பு போட்டும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. அந்த நீல விரல்களால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். ஆமாம், பேனாதான். ரேஷன் கடையில் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்ற உன் மச்சான், எழுபது தாண்டிய வயதில், கோடு போட்ட நோட்டில் ஒரு எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நானும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். இந்த ஒரு பத்திக்கு ஒரு முழு மத்தியானம் போய்விட்டது.

எழுத்து சொல்லிக்கொடுத்தவள் என் மருமகள் செல்வி, ரவியின் மனைவி. நீ போனபோது ரவிக்கு ஆறு வயது; உன் தோளை விட்டு இறங்கமாட்டான். செல்விக்கு ஊர் அனுப்பம்பட்டு. நெல் விளைகிற வீட்டுப் பெண். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்த புதிதில் கருவாட்டு வாசனை தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தாள். இப்போது கருவாட்டை அவளே புரட்டிப் போடுகிறாள். மத்தியானங்களில் நான் வலையில் கிழிசல் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மணலில் எழுதிக் காட்டுவாள், என்னையும் எழுதச் சொல்வாள்.

"மாமா, இது இன்னா?"

"ழ."

"இதுவா ழ? நண்டு காலத் தூக்கினு ஓடுற மாதிரி கீது."

"நண்டுதாம்மா எனக்குப் பழக்கம். நெல்லு வரையச் சொல்லிடாத."

அவள் இந்த ஊர்ப் பேச்சைப் பிடித்த வேகத்தில் நான் எழுத்தைப் பிடிக்கவில்லை. எட்டு மாதம் ஆயிற்று. ஆனால் பிடித்த பிறகு நிற்கவே முடியவில்லை, மச்சான். உப்புப் பாக்கெட்டைப் படித்தேன். கோயில் சுவரைப் படித்தேன். ஒருநாள் பஸ்ஸின் நெற்றியில் இருந்ததைப் பொ, ன், னே, ரி என்று கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. நான் ஏற வேண்டிய பஸ் அது. புழுதிக்குள் தனியாக நின்று சிரித்தேன். இத்தனை வருடம் சுற்றி எல்லாரும் எதையோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள், என் காதில் மட்டும் விழவில்லை என்பதுபோல இருந்தது.

ரவி புதிதாக ஃபைபர் படகு எடுத்திருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை தண்ணீரில் இறக்குகிறோம். போன வாரம் வந்து சொன்னான்: "நைனா, படகு மூஞ்சில மாமன் பாட்ட எழுதணும். பெயிண்டர் வேணாம். நீயே எழுது."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நீல பெயிண்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு குனிந்தேன். முதல் வரி எழுதினேன். இரண்டாம் வரி எழுதினேன். பிறகு ஒரு வரிக்கு இடம் விட்டுவிட்டு நான்காம் வரியை எழுதினேன். செல்வி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நடுவுல ஏன் மாமா எடம் உட்டீங்க?"

"காயணும்மா."

"எழுதாத எடம் எப்டி மாமா காயும்?"

நான் பிரஷைக் கழுவப் போய்விட்டேன். அந்த வரி என்னிடம் இல்லை, மச்சான். முப்பது வருடமாக இல்லை. அது உன்னோடு போய்விட்டது.

எல்லாம் நீ அறிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். இதை நான் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. எழுத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காம்மாவை உனக்கு நினைவிருக்கும். பூநாரை வருகிற பருவத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து வந்தாள். கழுத்தில் தூரக்கண்ணாடி, தலையில் வைக்கோல் தொப்பி, நம் இரண்டு பேரின் அம்மாக்களையும் கூட்டினாலும் வராத வயது. மெட்ராஸிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் அவளுக்குத் துணையாக வந்து பேச்சை இங்கும் அங்கும் மாற்றிச் சொல்வார். பறவை பார்ப்பதற்கு முன்னால் டச்சுக்காரன் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றாள். எலும்புக்கூடு செதுக்கிய அந்த வாசலைத் தாண்டிப் போய், ஒரு கல்லின் பக்கத்தில் மண்டியிட்டு, விரலை எழுத்தின் மேல் ஓட்டிக்கொண்டே முணுமுணுத்தாள்.

"இன்னா சார், இந்தம்மா கல்லுகூடப் பேசுது?" என்று நீ வாத்தியாரைக் கேட்டாய்.

"பேசலப்பா, படிக்கிறாங்க. செத்தவர் பேரு, பொறந்த ஊரு, பாத்த வேலை, எல்லாம் எழுதியிருக்கு."

"செத்தவனுக்கு வேலை எதுக்கு சார்?"

வாத்தியார் அதை இங்கிலீஷில் சொன்னதும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாலு வரி சொன்னாள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ. அவர்கள் நாட்டில் பெரிய பேர் எடுத்த ஒரு கவியின் வரிகளாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் மனப்பாடமாகச் சொல்லுமாம். அந்தக் கவியின் வீட்டில் யாரோ இறந்தபோது எழுதியதாம். பேரை வாத்தியார் சொன்னார். உன் வாயிலும் அது நிற்கவில்லை, என் காதிலும் நிற்கவில்லை. ஆனால் வரிகளைத் தமிழில் சொன்னபோது நீ அசையாமல் நின்றாய். தோணிக்குத் திரும்பும் வழியெல்லாம் வாத்தியாரைப் பிடுங்கி எடுத்தாய். "இன்னொருதபா சொல்லு சார். இன்னும் ஒரே ஒருதபா."

மறுநாள் ஏரியில் நீ அதைச் சொன்னபோது அது வேறு மாதிரி இருந்தது.

"வாத்தியார் சொன்னது நல்லாத்தான் கீது. ஆனா கோலுக்கு ஒக்காரல. அங்க ஒண்ணு இங்க ஒண்ணு சொல்லு நீட்டினு நிக்குது. வெட்டிட்டேன்."

"அமெரிக்காக்காரர் பாட்ட நீ வெட்டலாமா?"

"அவரு இன்னா நம்மகூட கோல் போடவா வரப்போறாரு?"

வெட்டி வைத்த பிறகு ஒவ்வொரு வரியிலும் நாலு சொல். ஒரு சொல்லுக்கு, தோணி தள்ளுகிற கோலில் ஒரு ஊன்று. நாலு வரிக்குப் பதினாறு கோல். ஏரிக்கரையிலிருந்து நாம் இறால் வலை கட்டும் இடத்துக்கு இருபது சுற்று. பனி மூடிய காலைகளில் எல்லாரும் ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவார்கள். நடுவில் ஒருவன் தும்மினால் எண் தொலைந்துவிடும். பாட்டு தொலையாது. நீ முன்னால் நின்று முதல் வரி சொல்வாய். நான் பின்னால் நின்று இரண்டாவது. நீ மூன்றாவது. நான் நான்காவது. சுற்று முடிந்ததும் சிரட்டையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துத் தண்ணீரில் போடுவேன். இருபது சிப்பியும் தீர்ந்தால் நிற்க வேண்டும். "சிப்பி தீந்தா நில்லு. அதுக்கு மேல ஒரு கோலும் போடாத" என்பாய். அதற்கு மேல் முகத்துவாரம். கடலில் வற்றம் பிடித்துவிட்டால் ஏரித் தண்ணீரை எல்லாம் கடல் உறிஞ்சி இழுக்கும்.

இதோ, என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

போனவர் விளக்கை எடுத்துப் போகவில்லை
வீட்டு வாசலில் வைத்துப் போனார்
. . . . . . . . .
இருப்பவர்க்கே வெளிச்சம் வேண்டும் என்றார்

படித்துப் பார். மூன்றாவது இல்லாமலும் அது பொருந்துகிறது. ஓட்டை இருப்பதே தெரியவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. இல்லை, உன்னை.

அன்று நம் பாடு. வலை கட்டும் முறை ஊரில் ஆள் மாற்றி ஆள் சுற்றி வரும். ஒரு நாளை விட்டால் மறுபடி வர எத்தனை நாள் என்று உனக்குத் தெரியும். விடிந்து வெளிச்சம் வந்த பிறகும் பனி விலகவில்லை. தோணியின் அந்த முனையில் நின்ற நீ எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தாய்.

"மச்சான், நாளைக்குப் பாத்துக்கலாமா?" என்றேன்.

"நாளைக்கு வேறொருத்தன் பாடு. எறா நமக்கோசரம் ஒரு நாளு படுத்துனு இருக்குமா?"

அந்தச் சின்னத் தோணி, வலை கட்ட ஊன்றுகிற கழிக்கட்டையும் வலையையும் ஒரே நடையில் தாங்காது. முதல் நடையில் கழியும் நீயும். இரண்டாம் நடையில் வலை. அதுதான் எப்போதும் நம் வழக்கம். இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே போனோம். சிப்பி தீர்ந்த இடத்தில் நீ கழிக்கட்டோடு இறங்கினாய். தண்ணீர் மார்பளவு இருந்தது. ஓட்டம் இல்லாமல் அசையாமல் இருந்தது. முதல் கழியை ஊன்றிக்கொண்டே சொன்னாய்: "போய் வலைய எடுத்துனு வா. எண்ணினு வா."

எண்ணிக்கொண்டு வா என்றாய். கரைக்குத் திரும்பி வலையை ஏற்றி, சிரட்டையில் புதிதாக இருபது சிப்பி போட்டுக்கொண்டு கிளம்பினேன். எண்ணிக்கொண்டுதான் வந்தேன், மச்சான். முதல் வரியைச் சொன்னேன். அது உன் வரியானாலும் சுற்று அதில்தான் தொடங்கும் என்பதால் வாயில் வந்துவிட்டது. அடுத்து என் வரி. அதற்கு அடுத்ததும் என் வரி. நடுவில் நீ சொல்ல வேண்டியது இருக்கிறது என்று என் நாக்குக்குத் தெரியவில்லை. உன் வரியை நான் என்றைக்குமே சொன்னதில்லை. அந்த நேரத்தில் அடுத்த ஊன்றுக்கு மூச்சு சேர்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். பதினாறுக்குப் பன்னிரண்டு. ஒரு சிப்பி. மறுபடி பன்னிரண்டு. ஒரு சிப்பி. இருபது சிப்பியும் தீர்ந்தன. நின்றேன். கழி ஒன்றும் இல்லை.

கூப்பிட்டேன். நீ "ஓய்" என்றாய். பனிக்குள் குரல் நாலா பக்கமிருந்தும் வரும். தாண்டி வந்துவிட்டேன் என்று நினைத்தேன். குறைவாக வந்திருப்பேன் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, சிப்பி தீர்ந்துவிட்டதே! தோணியைத் திருப்பினேன். திரும்பி, உன்னை விட்டு இன்னும் தூரம் போனேன். உன் குரல் தேய்ந்தது. நீதான் இடம் மாறுகிறாய் என்று எனக்குக் கோபம் வந்தது. "எடத்த உட்டு அசையாத! அங்கயே நில்லு! நான் வரேன்!" என்று கத்தினேன்.

நீ அசையவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அங்கேயே நின்றாய். நீந்திக் கரைப்பக்கம் வந்திருக்கலாம். வற்றம் பிடித்துத் தண்ணீர் ஓட ஆரம்பித்தது என் கோலுக்கே தெரிந்தது. உன் காலுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கடைசியாக நீ நீளமாக ஏதோ கூவினாய். சொல் விளங்கவில்லை. நாலு சொல் இருக்கும். அது அந்த வரிதானோ என்று முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெயில் ஏறிப் பனி கிழிந்தபோது கழிகள் வரிசையாக நின்றிருந்தன. நீ இல்லை. நான் சிப்பி தீர்ந்து நின்ற இடத்துக்கும் அவற்றுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அப்போது பார்த்தேன். தோணியில் உட்கார்ந்து பாட்டை விரலில் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு வந்தது. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. விட்டது எது என்று தேடினேன். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, மச்சான். பல் விழுந்த ஈறுபோல இருந்தது. அன்றிலிருந்து இன்று வரை அது வரவில்லை.

மூன்றாம் நாள் நம் குப்பத்துக் கடற்கரையிலேயே ஒதுங்கினாய். ஏரியில் போனவன் கடல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கிழவர்கள் சொன்னார்கள். பனி சாப்பிட்டுவிட்டது என்று ஊர் சொன்னது. உன் தங்கச்சி தனம் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அழுது முடித்த முகத்தோடு, என் மனைவியாக இல்லாமல் உன் தங்கச்சியாக நின்று கேட்டாள்.

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பாட்டை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

இப்போது புரிகிறதா, படகில் அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று? ஊரில் கேட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் முதல் வரி தெரியும். டீக்கடையில் எவனாவது செல்போனை மறந்து வைத்துவிட்டுப் போனால் "போனவர் விளக்கை எடுத்துப் போகவில்லை" என்று கூவிச் சிரிக்கிறார்கள். அதற்கு மேல் யாருக்கும் வரவில்லை. செல்வி செல்போனில் தேடினாள். "பேரு இன்னா மாமா அவருக்கு?" என்றாள். தெரியாது. "இங்கிலீஷ்ல எப்டி ஆரம்பிக்கும்?" தெரியாது. "அப்ப நான் இன்னாத்தத் தேடறது, ஏரியில ஊசியவா?" என்றாள்.

மிச்சம் ஒரே ஆள். தனம். நீ வீட்டில் சோறு தின்னும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பாய். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் கேட்டால் என்ன ஆகும்? தோணிக்காரன் மகள் அவள். "ஏன், உனக்குத் தெரியாதா? தெரியாதுன்னா அன்னிக்கு எப்டி எண்ணின?" என்பாள். அந்த ஒரு கேள்வியோடு என் வீடு முடிந்துவிடும். கேட்காவிட்டால் உன் பாட்டு பல் போன வாயோடு தண்ணீரில் இறங்கும், ஊர் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, என் கையெழுத்தில். இரண்டில் எது பெரிய துரோகம் என்று தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் எல்லாம் தெளிவாகும் என்று செல்வி சொன்னாள். தெளிவாகத்தான் தெரிகிறது. முன்பு அது மனதில் எங்கோ ஒரு இடத்தில் இல்லாமல் இருந்தது. இப்போது பளபளக்கிற வெள்ளைப் படகில், ஒரு முழ நீளத்துக்கு இல்லாமல் இருக்கிறது.

இதுவரை எழுதி நோட்டை மூடி வைத்தேன். இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கேட்டுவிட்டேன். தனம் தார்ப்பாயில் நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய்க் குந்தினேன்.

"உங்கண்ணன் பாட்டுல மூணாவது வரி இன்னா?"

அவள் நிமிரவே இல்லை. கை தன்பாட்டுக்குப் பரப்பிக்கொண்டிருந்தது. "இருட்டு அவருக்குப் பழகிய ஊர்" என்றாள், உப்பு எங்கே என்று கேட்டால் சொல்வதுபோல.

அப்புறம் கை நின்றது.

"இன்னாத்துக்குக் கேக்கற? உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"எப்பத்திலருந்து?"

"அன்னிலருந்து."

காக்கை ஒன்று வந்து ஒரு மீனைக் கொத்திக்கொண்டு போயிற்று. அவள் விரட்டவில்லை. நான் பயந்த அதே கேள்வியைக் கேட்டாள். நான் பயந்ததைவிட மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு எப்டியா எண்ணின?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். திரும்பிப் போனதைச் சொன்னேன். அங்கயே நில்லு என்று கத்தியதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நெத்திலியை எடுத்து நாலு நாலாக வரிசை வைத்தாள். நாலு வரிசை. மூன்றாவது வரிசையைக் கையால் ஒதுக்கினாள். மிச்சத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. உனக்கு நூறுக்கு மேல் எண்ண வராது. உன் தங்கச்சிக்கு எல்லாம் வரும்.

"எம்பது கோலு."

"ஆமா."

"அவ்ளோ கிட்டயா இருந்த?"

"ஆமா, தனம்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றும் மறுநாளும் சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், ஒரு சொல் பேசவில்லை. செல்வி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அன்று மணலில் எதுவும் எழுதிக் காட்டவில்லை.

வரி கிடைத்துவிட்டது. நான் சந்தோஷப்பட வேண்டும். இருட்டு உனக்குப் பழகிய ஊராம். நல்ல வரிதான்; அதைச் சொன்ன கவிக்கு அது பொய்யாக இருக்காது, அவர் வீட்டில் இறந்தவருக்கும் பொருந்தியிருக்கும். ஆனால் அன்று இருட்டே இல்லை, மச்சான். எல்லாம் வெள்ளை. உனக்கும் பழகாத வெள்ளை, எனக்கும் பழகாத வெள்ளை. அந்த வரியை எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் எனக்கு ஆறுதல் வரவில்லை. பதினாறு வருகிறது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை நான் பிரஷை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது தனம் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் எழுதாத. மொதல்ல என்ன அங்க கூட்டினு போ."

பக்கத்து வீட்டுக்காரனின் சின்னத் தோணியை வாங்கினேன். வெயில் பளிச்சென்று இருந்தது. பசியாவரத்துப் பக்கம் வரைக்கும் ஏரி திறந்து கிடந்தது. அவள் முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஏரியில் ஏறியதை நான் பார்த்ததில்லை. மடியில் சிப்பிகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எப்போது பொறுக்கினாளோ.

"அன்னிக்கு எண்ணின மாதிரி எண்ணு. ஒண்ணும் மாத்தாத."

அன்று எண்ணிய மாதிரி எண்ணினேன். முதல் வரி, இரண்டாம் வரி, நான்காம் வரி. ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் ஒரு சிப்பியைத் தண்ணீரில் விட்டாள். என் தோள் முன்பு போல் இல்லை. பாதி வழியில் கோல் கனத்தது. நிறுத்தச் சொல்லமாட்டாளா என்று பார்த்தேன். சொல்லவில்லை. கடைசிச் சிப்பியும் விழுந்தது. கோலை ஊன்றி நின்றேன்.

"இங்கதான்."

அவள் முன்னால் பார்த்தாள். யாருடைய பாடோ, கழிகள் நட்டிருந்தார்கள். நம் பழைய இடத்திலேயேதான். நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு கழியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு கழியின் மேல் உட்கார்ந்திருந்த நீர்க்காக்கை இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்ததுகூடத் தெரிந்தது.

"இப்பப் போ" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முதல் வரியைச் சொன்னாள். உன் குரல் இல்லை. ஆனால் நீ இழுக்கிற இடத்தில் இழுத்தாள். இரண்டாவதை நான் சொன்னேன். மூன்றாவதை அவள் சொன்னாள். நான்காவதை நான். ஐந்து சுற்று. எண்பது கோல். உன் எழவுக்கு அழுத அழுகையெல்லாம் போதாமல் போயிற்று எனக்கு. ஆனால் கோலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எண்ணிக்கை போய்விடும்.

கழி ஓரத்தில் தோணி முட்டியது. அவள் எட்டி ஒரு கழியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆழம் எவ்ளோ?"

கோலைச் செங்குத்தாக ஊன்றி எடுத்துக் காட்டினேன். ஈரம் ஏறிய இடத்தை அவள் எழுந்து நின்று தன் உடம்போடு வைத்துப் பார்த்தாள். அவள் கழுத்துக்கு வந்தது.

"அண்ணன் என்னவிட ஒசரம்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

படகில் அந்த வரியை வியாழன் சாயங்காலமே எழுதிவிட்டேன். எழுத்து கோணல்தான். 'பழகிய' என்பதில் நண்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. செல்வி அழிக்க வேண்டாம் என்றாள். வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, படகு இறங்கியது. ரவி என்னைத் தூக்கிப் படகில் நிறுத்தினான். ஊர் பார்த்தது. ஒரு கிழவர் நாலு வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "எழுதினது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, மச்சான். என் எழுத்து தண்ணீரில் போகிறதே! சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். தனம் பெண்களோடு நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

ஆனால் உனக்கு நான் சொல்ல வேண்டியது வியாழக்கிழமை நாங்கள் திரும்பி வந்ததைத்தான். அது இன்னும் என் தோளிலிருந்து இறங்கவில்லை. இறங்காது.

தோணியைத் திருப்பியதும் அவள் சொல்ல ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கரை கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் நானே முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். உன் வரி வந்தபோது மூச்சு சேர்க்காமல் அதையும் நானே சொன்னேன். நான்காவதைச் சொன்னேன். கரை வரைக்கும் நாலு வரியையும் ஒருவனாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்றைக்கூட விடவில்லை.

அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள்.